சொச்ச விசாரணை

திட்டமாகப் பேசுவதற்கு வேண்டிய நியமங்களைக் காட்டிலும் திட்டமில்லாமல் பேசுவதற்கு வேண்டிய நியமங்களே கடுமையானவை என்பது நமது சித்தாந்தம். அதற்குப் பிரமாணமாக, நாம் சொச்சம் என்று சொல்லுமிடத்தில் ஆங்கிலேயர் வைக்கும் ‘ஆட்’ என்ற பதத்தை விசாரிப்போம்.

ஸ்காண்டிநேவியரின் புராதன பாஷையில் முக்கோணத்தின் முனையைக் குறித்து, பின்பு இரு கட்சிகள் சமமாக நிற்கையில் தீர்ப்பை நிர்ணயிக்கும் மூன்றாமவரைச் சுட்டி, கடைசியில் ஜோடி சேராத சகலத்துக்கும் பெயராகிவிட்ட இப்பதம், எண்ணின் பின்னே நிற்கும்போது அந்த எண்ணைத் தாண்டிய மிச்சத்தை உணர்த்தும். ஆகவே ‘ஃபார்ட்டி-ஆட்’ என்றால் நாற்பதுக்கு மேல், ஐம்பதுக்குள். ‘சுமார்’ என்பதைப் போல இருபுறமும் ஊசலாடும் சுதந்திரம் இதற்கில்லை என்பதால், முப்பத்தொன்பது பேரை வைத்துக்கொண்டு இதைப் பிரயோகிப்பவர் பொய்யராவார். ஒற்றைப்படை எண்ணுக்கும் இதுவே பெயராயினும், நாற்பத்திரண்டு பேர் வந்தாலும் ‘ஆட்’ செல்லும்.

நாற்பதுக்கும் ‘ஆட்’டுக்கும் இடையிலுள்ள சிறுகோடு கௌரவத்தைக் காக்கும் வேலி. அதை அச்சுக்கோப்பவர் மறந்தால், கல்யாணத்துக்கு வந்த நாற்பத்துச் சொச்ச விருந்தினரும் க்ஷணத்தில் நாற்பது விசித்திரப் பிறவிகளாக மாறிவிடுவர். 2007-இல் ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் 6-ஆம் பதிப்பு பதினாறாயிரம் சிறுகோடுகள்வரை களைந்தெறிந்த செய்தி, இந்தச் சாஸ்திரத்தில் ஈடுபட்டோருக்கு உவப்பானதன்று.

ஸ்தானபேதம் இதைவிட சூக்ஷ்மம். ‘ட்வென்டி-ஆட் பவுண்ட்ஸ்’ எனில் இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட பவுன்கள். ‘ட்வென்டி பவுண்ட்ஸ் ஆட்’ எனில் இருபதே பவுனும் மேற்கொண்டு சில்லறையும். கடன் கொடுப்பவர் முன்னதையும், வாங்குபவர் பின்னதையும் விரும்புவது இயல்பு. பவுனுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்றிருந்த காலத்தில் இச்சில்லறைச் சொச்சம் 239 பென்ஸ்வரை விரிந்து கிடந்தது. 1971 பிப்ரவரி 15-இல் தசாம்ச நாணயம் வந்ததும் அது 99-க்குச் சுருங்கிற்று.

மகாகவிகளும் இங்கே இடறியதுண்டு. ஷேக்ஸ்பியர் தமது ‘மூன்றாம் ரிச்சர்ட்’ நாடகத்தில், அரசனின் தாயாரான யார்க் கோமகளைத் தாம் துக்கத்தோடு வாழ்ந்த காலம் எண்பது வருஷச் சொச்சம் என்று புலம்ப வைக்கிறார். 1415 மே 3-இல் பிறந்த அந்த அம்மையாருக்கு, மகன் முடிசூடிய 1483-இல் வயது அறுபத்தெட்டே. பன்னிரண்டு வருஷத்தைத் துக்கம் இரட்டித்துக் காட்டியது என்று வியாக்கியானம் செய்யலாமாயினும், இலக்கணம் அதற்கு இடங்கொடாது. அவர் 1495 மே 31-இல், எண்பது நிறைந்த நாலு வாரத்தில் காலமானாராதலால், ‘ஆட்’ என்பதை வருஷத்துக்கு முன்னால் வைக்காமல் பின்னால் வைத்து, அவ்வசனத்தை மரணத் தறுவாயில் பேசவிட்டிருந்தால், கவியின் கணக்கு ஒரு நாளும் பிசகாமல் நேராகியிருக்கும்.