தனி ஆளுக்கு ஒரு பிளேன்டி

இளவயதில் சாப்பாட்டுக் கடைக்குள் தனியே நுழைகிறவனுக்குப் பசியைவிடப் பெரிய உபத்திரவம் ஒன்று உண்டு: கடையில் இருக்கிற அத்தனை பேரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற நிச்சயம். உங்களுக்கும் இருந்திருக்கும். இல்லை என்று சொல்கிறவர்கள் ஒன்றில் மறந்துபோனவர்கள், அல்லது பிறந்ததிலிருந்தே கூட்டாளிகளோடு திரிந்தவர்கள்.

எனக்கு அது கொஞ்சம் முற்றிய நிலையிலேயே இருந்தது. எழுபதுகளின் கடைசியில், கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குப் புத்தகங்களைப் பரிசோதிக்கிற உத்தியோகத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்திருந்தேன். பேரேட்டில் ஒரு சதம் பிசகினாலும் சங்க முகாமையாளரைக் கூப்பிட்டு நிமிர்ந்திருந்து கேள்வி கேட்கிற அந்த இளம் அதிகாரி, மத்தியானம் ஒரு மணியானால் மாத்தளைக் கடைத்தெருவை மேலும் கீழுமாக நடந்து, ஒவ்வொரு வாசலிலும் உள்ளே எட்டிப் பார்த்து, ஆட்கள் நிறைந்திருந்தால் 'இடமில்லை' என்றும், ஆட்கள் இல்லாவிட்டால் 'சாப்பாடு சரியில்லைப் போல' என்றும் தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, கடைசியில் ஒரு மலிபன் கிறீம் கிறேக்கர் பக்கற்றும் கதலிப்பழமும் வாங்கி, இன்னும் புறப்படாத இ.போ.ச. பஸ்ஸில் யன்னல் ஓரம் இருந்து தின்று முடித்துவிடுவார். பஸ்ஸில் இருந்து தின்றால் பிரயாணி. கடையில் தனியே இருந்து தின்றால் அநாதை. எங்கள் வீட்டுச் சட்டப் புத்தகம் அப்படித்தான் சொல்லியிருந்தது. கொழும்பில் வேலைபார்த்த மாமா ஒருவரைப் பற்றி அம்மா சொல்கிறபோது, அவர் கடன்பட்டதையும் குடித்ததையும் ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, "கடையில குந்தியிருந்தெல்லோ தின்னுது அந்த மனுசன், தன்னந்தனிய" என்கிற இடத்தில்தான் குரல் தழுதழுப்பார்.

பிஸ்கற்றில் எத்தனை நாள் ஓட்டுவது? மெல்ல மெல்லக் கடைக்குள் போகப் பழகினேன், ஆனால் ஆயுதங்களோடு. முதலாவது ஆயுதம் வீரகேசரி. அதை விரித்துப் பிடித்தால் நெற்றியிலிருந்து இடுப்புவரை மறைந்துவிடும்; என்ன, சோறு வந்ததும் பத்திரிகையைப் பிடிக்கக் கை காணாது. இரண்டாவது, இல்லாத ஒரு நண்பர். பரிமாறுகிற பொடியனிடம் "இன்னும் ஒராள் வரவேணும்" என்று சொல்லிவிட்டு, இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்து, மூன்றாவது தரம் ஒரு பெருமூச்சோடு "சரி, நீர் கொண்டு வாரும்" என்று தொடங்குவது. அந்த நண்பருக்காக நான் பல கடைகளில் காத்திருந்திருக்கிறேன். பாவம், ஒரு கடைக்கும் அவரால் வரமுடியவில்லை.

இருக்கை விஷயத்திலும் ஒரு சாஸ்திரம் இருந்தது. தூணுக்குப் பின்னால், கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில், ஒருவரும் விரும்பாத அந்த ஈர மூலை. ஆனால் அந்தக் காலத்துக் கடை முதலாளிமாருக்குச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி பதிப்பதில் ஒரு மோகம். எந்த மூலைக்குள் ஒளித்தாலும் எதிரே என்னைப் போலவே ஒருவன், என்னைப் போலவே வெட்கப்பட்டுக்கொண்டு, பருப்பைப் பிசைந்துகொண்டிருப்பான்.

என்னுடைய கூச்சத்துக்கு முதல் அடி விழுந்தது ரத்தோட்டையில். மாத்தளையிலிருந்து நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு ஏறுகிற பாதையில், ஏலக்காயும் மிளகும் கைமாறுகிற சின்னப் பட்டினம் அது. அங்கே பஸ் மாறவேண்டும். இறங்கினால் மழை, எதிரில் ஒரு முஸ்லிம் கடை, உள்ளே கால்வைக்க இடமில்லை. தூணும் இல்லை, மூலையும் இல்லை. நாலு பேர் இருக்கிற மேசையில் மூன்று பேர் இருந்தார்கள். கடைக்கார நானா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நாலாவது கதிரையில் தள்ளி இருத்திவிட்டார்.

இருந்த மாத்திரத்தில், நான் கேட்காமலே, ரோல்ஸும் கட்லட்டும் வடையும் மாலு பணிசும் அடுக்கிய ஒரு பெரிய தட்டு மேசை நடுவில் வந்து இறங்கியது. இந்த நாட்டுத் தேத்தண்ணிக் கடைகளின் அந்த முறையைப் போல மனுசரை நம்புகிற வியாபாரம் வேறெங்கும் உண்டோ தெரியாது. தட்டு எல்லோருக்கும் பொது. தின்றதுக்குத்தான் காசு. எழும்பும்போது பொடியன் தட்டையும் நம்முடைய முகத்தையும் ஒரு பார்வை பார்த்து, மனத்துக்குள் கழித்து, கணக்கைக் கடை முழுக்கக் கேட்கும்படி முதலாளிக்குக் கூவுவான். ஒரு மேசையில் நாலு அந்நியர், ஒரு தட்டு, நாலு கணக்கு: பேரேட்டோடு மாரடிக்கிற எனக்கு அந்த நிமிஷக் கணக்கில் ஒரு பிழையும் பிடிக்க முடிந்ததில்லை.

எதிரில் இருந்தவர் ஏலக்காய் மூட்டையோடு வந்த மனிதர். என் தட்டை ஒரு தரம் பார்த்தார். நெஞ்சு திக்கென்றது. அவர் சம்பல் கோப்பையை என் பக்கம் தள்ளிவிட்டுத் தன் சோற்றுக்குத் திரும்பினார். அவ்வளவுதான் அவருடைய பரிசோதனை. "தனியவா வந்தீங்க தம்பி?" என்று நானா கேட்டார். ஓம் என்றேன். "அப்ப இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா?" என்றார். தனியாக வந்ததற்கும் சோற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை விளங்கவில்லை, ஆனால் போட்டார்.

கை துடைக்க ஆணியில் குத்தி வைத்திருக்கும் கடதாசித் துண்டுகளையும் சொல்லவேண்டும். பழைய பத்திரிகை, பள்ளிக்கூடக் கொப்பி, பரீட்சைத் தாள், எல்லாம் நாலாக வெட்டுப்பட்டுத் தொங்கும். தனியே சாப்பிடுகிறவனுக்கு அதைப்போல் வாசிகசாலை கிடையாது. 'பின்வருவனவற்றுக்கு விடை தருக' என்பது இருக்கும், விடை இருக்காது. கொலைச் செய்தியில் கொலை இருக்கும், கொன்றவர் அடுத்த துண்டில் போயிருப்பார், அந்தத் துண்டில் வேறொருவர் கை துடைத்துவிட்டுப் போயிருப்பார். இப்போது பளிச்சென்ற வெள்ளை ரிஷு வைக்கிறார்கள். சுகாதாரம்தான். வாசிக்க ஒன்றுமில்லை.

கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் தோமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2000இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பிற்காலத்தில் வாசித்தபோது அந்த ஏலக்காய்க்காரர்தான் ஞாபகத்துக்கு வந்தார். மாணவர்களுக்கு, போடவே வெட்கப்படுகிற மாதிரி ஒரு பாடகரின் படம் போட்ட ரீ-சேர்ட்டை மாட்டி, ஆட்கள் இருக்கிற அறைக்குள் அனுப்பி, 'எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?' என்று கேட்டார்களாம். ஏறக்குறையப் பாதிப்பேர் என்றார்கள் போனவர்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசி அளவில்தான். அமெரிக்காவில் ரீ-சேர்ட் அச்சடித்துக் கண்டுபிடித்ததை ரத்தோட்டையில் ஒரு சம்பல் கோப்பை எனக்குச் சும்மா சொல்லித் தந்திருந்தது.

ஆனால் எல்லாப் பார்வையையும் அந்தக் கணக்கில் அடக்க முடியாது. எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடைகளில் சாதியைச் சொல்லி வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டு, போத்தலிலும் சிரட்டையிலும் தேத்தண்ணி வாங்கிக் குடித்தவர்கள் இருந்தார்கள். அப்படித் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957இல் வந்தும், கடைக்குள் போய் ஒரு கதிரையில் இருப்பதற்கே அறுபதுகளின் பிற்பகுதியில் போராட்டம் நடத்தவேண்டியிருந்தது. அவர்களை எல்லோரும் பார்த்தது மனப்பிரமை அல்ல. மூலைக் கதிரை தேடித் திரிந்த என்னுடைய கூச்சம், எந்தக் கதிரையிலும் இருக்க விடப்பட்டவனுடைய சொகுசுக் கூச்சம். எனக்கு உண்மையான பார்வை பின்னால் கிடைத்தது, 83 இனக்கலவரத்துக்குப் பிறகு. பையோடு, தனியாக, தமிழ் உச்சரிப்பில் சிங்களம் பேசிக்கொண்டு ஒருவன் கடைக்குள் வந்தால் அப்போது நிஜமாகவே எல்லோரும் பார்த்தார்கள். நானும் பையைக் கதிரைக்குக் கீழே வைக்காமல், எல்லோரும் காணும்படி மேசைமேல் வைத்துச் சாப்பிடப் பழகினேன். போர் முடிந்த 2009 வரை கொழும்பிலும் கண்டியிலும் அப்படித்தான் சாப்பிட்டேன். அதை இதற்குமேல் நீட்ட விருப்பமில்லை.

மறுபடியும் அந்த மலைப்பாதைக்கு, ரிவர்ஸ்டனுக்கு வருகிறேன். ரத்தோட்டையிலிருந்து பஸ் வளைந்து வளைந்து ஏறி, தேயிலை முடிந்து காடு தொடங்கி, மலை இரண்டுபட்ட அந்த இடைவெளிக்கு வந்தால் காற்று ஆளையே தள்ளும். இலுக்கும்புர, பல்லேகம என்று அப்பால் இருக்கிற சங்கங்களுக்குப் போகிற நாட்களில், ரத்தோட்டைக் கடையில் கட்டிய பார்சலை நான் அங்கேதான் அவிழ்ப்பேன், அதுவும் பஸ் ஏதாவது கோளாறில் நின்றால். வாட்டிய வாழையிலை, அதற்குமேல் பத்திரிகை, அதற்குமேல் சணல் நூல். அவிழ்க்கும்போது சூட்டில் வெந்த இலையின் மணம் கருவாட்டை முந்திக்கொண்டு வரும். காற்றுக்கு முதுகைக் காட்டி, பஸ்ஸின் மறைவில் குந்தி, பறக்கிற இலையை முழங்காலால் அமத்திக்கொண்டு தின்பேன். சாரதி ஒரு பக்கம், கொண்டக்டர் ஒரு பக்கம், எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. காற்றடிக்கிற இடத்தில் ஒருவரும் ஒருவரையும் பார்ப்பதில்லை. பிறகு இலை போய் பொலித்தீன் தாள் வந்தது. 2017 செப்டெம்பரில் பொலித்தீன் தாளையும் தடைசெய்தார்கள். தாள் போகவுமில்லை, இலை திரும்பி வரவுமில்லை.

அண்மையில், உத்தியோகமும் அவசரமும் இல்லாத மனிதனாக, திரும்ப அங்கே போனேன். 2000இல் நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனமாகி, 2010இல் யுனெஸ்கோ மத்திய மலைநாட்டை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது அதுவும் சேர்ந்துவிட்டதால், நாங்கள் பஸ் பழுதாகி நின்ற இடமெல்லாம் இப்போது உல்லாசப் பயண இடம். பிட்டவல பத்தனைப் புல்வெளியின் விளிம்புக்கு 'சின்ன உலக முடிவு' என்று பெயர். சேர எல்ல நீர்வீழ்ச்சிக்குப் பின்னால் போய் நின்று படம் எடுக்கிறார்கள். தொலைத்தொடர்புக் கோபுரத்துக்கு ஏறுகிற பாதையில் மூடுபனிக்குள்ளிருந்து ஆட்களுக்கு முன்னால் செல்ஃபித் தடி வருகிறது.

ஓரிரவு தங்கலாம் என்று விடுதி ஒன்றுக்குத் தொலைபேசினேன். அறை, இராச்சாப்பாடு, காலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே விலை. குறைந்தது இரண்டு பேர். "ஒராள்தான் தம்பி" என்றேன். "பிரச்சினையில்லை சேர், இரண்டு பேருக்குக் கட்டினால் ஒராள் வரலாம்" என்றார், மிக மரியாதையாக. தனியே சாப்பிடுகிற வித்தையைப் பாதி ஆயுளைக் கொடுத்துப் படித்து முடித்தவனுக்கு, வராத அந்த நண்பருடைய சாப்பாட்டுக் காசையும் கட்டச் சொல்கிறது காலம். ஜப்பானில் இச்சிரான் என்ற நூடில்ஸ் கடையில் ஒவ்வொருவருக்கும் இருபக்கமும் பலகை அடைத்த ஒற்றை இருக்கையாம். பரிமாறுகிறவரின் முகம்கூடத் தெரியாமல் மூங்கில் திரை இறங்கிவிடுமாம். இருபத்தைந்து வயதில் நான் கண்ட சொர்க்கம் அது. இப்போது கேட்டால் பரிசோதனைக் கூடம் மாதிரித்தான் படுகிறது.

விடுதியை விட்டுவிட்டு, பாதையோரம் தகரம் வேய்ந்த ஒரு கடைக்குள் போனேன். ஒரு பெண் பிள்ளை, என் மகளைவிட இளையவள், ஸ்கூட்டரை வெளியே விட்டுவிட்டு, தனியே, நடு மேசையில், வாசலைப் பார்த்தபடி இருந்து குரக்கன் ரொட்டியைக் கட்டச் சம்பலில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். என் காலத்தில் தனியே கடைக்குச் சாப்பிட வந்த பெண்ணை நான் கண்டதில்லை. குடும்பத்தோடு வருகிறவர்களையே 'ஃபமிலி ரூம்' என்ற திரைக்குப் பின்னால் இருத்திவிடுவார்கள். இவள் கைத்தொலைபேசியை எதிரே ஒரு டம்ளரில் சாய்த்து வைத்து, தான் தின்பதைத் தானே படம் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் பார்ப்பார்களே என்று நான் பயந்தேன். எல்லோரும் பார்க்கவேண்டுமே என்று இவள் கவலைப்படுகிறாள் போல. மற்ற இரண்டு மேசைகளிலும் அவரவர் தொலைபேசிக்குள் இருந்தார்கள். பத்திரிகை இல்லாமல், நண்பர் இல்லாமல், மூலை தேடாமல், வெறுங்கையோடு நான் உள்ளே வந்து இருந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. இத்தனை வருசத்துச் சாதனையைக் காட்ட ஒரு பார்வையாளர் இல்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் கோபமே வந்தது.

கடைக்கார அம்மாதான் காப்பாற்றினார். "தனியமத மாத்தயா?" என்று கேட்டுக்கொண்டே பிளேன்டியையும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியையும் கொண்டுவந்து வைத்தவர், ஓம் என்றதும், அதை ஓர் அழைப்பாக எடுத்துக்கொண்டு எதிர்க் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டார். முகாம் போடுகிற பொடியன்கள் இரவில் போடும் கூத்து, அவர்கள் விட்டுவிட்டுப் போகும் போத்தல்கள், கொரியாவுக்குப் போன மகன் ரொட்டி கேட்டு அழுவது, மகனுக்கு அங்கே தனிச் சமையல், தனிச் சாப்பாடு, பிறகு குரக்கன் விலை, பிறகு தேங்காய் விலை. கருப்பட்டியை ஒரு கடி கடித்து ஒரு மிடறு குடிக்க எனக்கு அவகாசம் தரவில்லை. மாத்தளைக்குப் போகிற பஸ் வளைவில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது; எழும்பப் பார்த்தேன்; அவர் கையமர்த்தி, இன்னும் அரைவாசிதான் சொல்லியிருக்கிறேன் என்றார். பஸ் போய்விட்டது. பிளேன்டி ஆறிவிட்டதென்று இன்னொன்று ஊற்றக் குசினிக்குள் போனவர், அங்கிருந்தும் தேங்காய் விலையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், இன்னும் கொஞ்சம் உரத்து.