கல்வெட்டு நனைவதில்லை

ஆரணிக்கு ரயில் கிடையாது. 'ஆரணி ரோடு' என்று ஒரு ரயில் நிலையம் உண்டு; அது களம்பூரில் இருக்கிறது. திண்டிவனத்தில் புறப்பட்டு வந்தவாசி, செய்யாறு, ஆரணி வழியாக நகரிக்குப் போகும் என்று 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் ஒரு பாதையை அறிவித்தார்கள். அந்த வருஷம் பிறந்த பிள்ளைகள் ஓட்டுப் போடவே ஆரம்பித்துவிட்டார்கள். ரயிலைத்தான் காணோம்.

ஆகவே ஆரணிக்காரருக்கு எல்லாமே பஸ்தான். கல்யாணத்துக்கும் பஸ், கருமாதிக்கும் பஸ். வேலூர் ஆஸ்பத்திரிக்கு, செய்யாறு சிப்காட்டுக்கு, காஞ்சிபுரத்துக் கடைக்கு, பௌர்ணமிக்குத் திருவண்ணாமலைக்கு என்று எங்கே கிளம்பினாலும் பஸ் ஸ்டாண்டில் கால் வைக்காமல் முடியாது. இப்படி பஸ்ஸையே நம்பிப் பிழைக்கிற ஊர்கள் வட தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. அந்த ஜனங்கள் அரண்மனை கேட்கவில்லை. மழை பெய்தால் நனையாமல் நிற்க ஓர் இடம் கேட்கிறார்கள்.

பிரிட்டனில் நம் ஆரணி அளவுள்ள ஊர்களில்கூட அப்படி ஓர் இடம் இருக்கிறது. அங்கே பல பஸ் நிலையங்கள் மூடிய கூடங்கள். ஜனங்கள் கண்ணாடிக்கு உள்ளே, பஸ் வெளியே. எந்த வாசலில் எந்தத் தடம் என்று எண் போட்டிருக்கும். பஸ் வந்து வாசலுக்கு நேரே மூக்கை வைத்து நின்ற பிறகுதான் கதவு திறக்கும். ஏறி உட்கார்ந்ததும் பஸ் பின்னால் நகர்ந்து திரும்பிப் போகும். ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கும் வீர விளையாட்டு அந்த நாட்டில் வளராமலே போனதற்கு இதுதான் காரணம்.

இங்கிலாந்தின் வடக்கே பிரெஸ்டன் என்று ஓர் ஊர். 1969இல் அங்கே ஒரு பஸ் நிலையம் கட்டினார்கள். பக்கத்துக்கு 40 என்று 80 பஸ்கள் நிற்கலாம். தலைக்கு மேலே அடுக்கடுக்காகக் கார் நிறுத்துமிடம். 2012 டிசம்பரில் ஊர் நகரமன்றம் அதை இடிக்கத் தீர்மானம் போட்டது. ஊர்க்காரர்கள் விடவில்லை. கட்டடக்கலை தெரிந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 2013இல் அது பாதுகாக்கப்பட்ட கட்டடமாயிற்று. 2018இல் செப்பனிட்டார்கள்; இன்று புதுப்பொலிவோடு நிற்கிறது. நம் ஊரில் பஸ் ஸ்டாண்டை இடிக்கிறோம் என்றால் யார் போராடுவார்? கடை ஏலம் எடுத்தவர் போராடுவார். பயணி, 'சீக்கிரம் இடிங்கய்யா' என்பார்.

வெள்ளைக்காரன் ஊர் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. தாட்சர் அம்மையார் ஆட்சியில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் லண்டன் நீங்கலாக மற்ற ஊர் பஸ்களைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. லாபம் இல்லாத தடங்களில் பஸ் குறைந்தது. கூடம் பளபளவென்று இருக்கும், பொழுது சாய்ந்தால் பஸ் இருக்காது என்கிற ஊர்கள் அங்கே உண்டு. நம் கதை நேர் எதிர். 1972 முதல் அரசாங்கமே போக்குவரத்துக் கழகங்கள் வைத்து பஸ் நடத்துகிறது. பஸ் வருகிறது, குலுங்கிக்கொண்டாவது வருகிறது. ஆரணிப் பக்கம் ஒரு காலத்தில் சம்புவராயர் பெயரில் கழகமே ஓடியது. பக்கத்துப் படைவீட்டில் இருந்து ஆண்ட அரசர்கள் அவர்கள். கழகங்களுக்குப் பெயர் வைத்ததில் 1997இல் சாதிச் சண்டை மூண்டதும் எல்லாக் கழகங்களின் பெயரையும் ஒரேயடியாக எடுத்தார்கள். பெயர் எழுதவும் பெயர் அழிக்கவும் நம்மிடம் என்றைக்குமே பெயின்ட் குறைந்ததில்லை.

பஸ் நிலையங்களையே பாருங்கள். சென்னையில் 2002இல் திறந்த கோயம்பேட்டுக்கு 2018இல் எம்.ஜி.ஆர். பெயர். மதுரை மாட்டுத்தாவணியும் எம்.ஜி.ஆர்., சேலமும் எம்.ஜி.ஆர். சென்னைக்கு வெளியே கிளாம்பாக்கம் கலைஞர், 2025இல் திறந்த திருச்சி பஞ்சப்பூரும் கலைஞர். இரண்டு குடும்பமும் உட்கார்ந்து சொத்தைப் பாகம் பிரித்தாயிற்று. நிற்கிறவனுக்குத்தான் பாகம் இல்லை.

கிளாம்பாக்கத்தில் கூரை என்னவோ நல்ல கூரைதான். 88 ஏக்கர், ஏறத்தாழ 394 கோடி ரூபாய். 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். பக்கத்திலேயே தண்டவாளம் ஓடுகிறது. ஆனால் திறப்பு விழா அன்று அங்கே ரயில் நிலையம் கிடையாது. பெட்டியும் பிள்ளையுமாக இறங்கியவர்கள் தாம்பரம் போகவோ வண்டலூர் போகவோ இன்னொரு பஸ்ஸுக்கு நின்றார்கள். 2024 பிப்ரவரியில் ஒரு ராத்திரி, ஊருக்குப் போக பஸ் இல்லை என்று பயணிகள் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். பஸ் நிலையத்துக்கு பஸ்ஸும் வேண்டும் என்ற குறிப்பு கோப்பில் எந்தப் பக்கத்தில் விட்டுப்போனதோ!

அது தலைநகரத்துச் சங்கதி. சின்ன ஊருக்கு வருகிறேன். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். சொன்னால் நாலு ஊர்க்காரர்கள் 'அது எங்க ஊர்தான்' என்று உரிமைப் போருக்கு வருவார்கள்.

அங்கே கூரை இருக்கிறது. இரண்டு பனை உயரத்தில் இருக்கிறது. ஐப்பசி மழை காற்றோடு சாய்ந்து அடிக்கும் என்பது கோவணம் கட்டிய பிள்ளைக்கும் தெரியும். மதிப்பீடு போட்ட பொறியாளருக்குத் தெரியவில்லை. நம் பாட்டன் வீட்டுத் தாழ்வாரத்தைக் கட்டிய கொத்தனார் எந்தக் காலேஜிலும் படித்ததில்லை. ஆனாலும் உள்ளே வருகிறவன் குனிகிற அளவுக்கு விளிம்பை இறக்கித்தான் கட்டினார். இவர்களுக்கு இறக்க மனசு வரவில்லை, ஏனென்றால் முகப்பில் பெயர் பெரிதாகத் தெரிய வேண்டும்.

அந்தக் கூரையின் கீழே முதலில் கடை. கடைக்கு முன்னால் கடையின் ஃபிரிட்ஜ், வாழைத்தார், பொம்மைத் தொங்கல். அதற்கும் முன்னால் டூவீலர்கள். அதற்கும் முன்னால், மேலே ஒன்றும் இல்லாத இடத்தில், பயணி. இது தற்செயல் இல்லை, கணக்கு. கடை வாடகை நகராட்சிக்கு வருமானம். கழிப்பிட ஏலம் வருமானம். வண்டி நிறுத்தக் குத்தகை வருமானம். உள்ளே வரும் பஸ்ஸுக்குக்கூட நுழைவுக் கட்டணம் உண்டு. நிற்கிறவன் மட்டும் நிற்பதற்கு ஒரு பைசா தருவதில்லை. கணக்குப் புத்தகத்தின்படி பார்த்தால் அவன்தான் ஆக்கிரமிப்பாளன்.

கழிப்பிடச் சுவரில் 'சிறுநீர் கழிக்க இலவசம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. அந்த எழுத்தின் கீழேயே மேஜை போட்டு ஒருவர் சில்லறை எண்ணுகிறார். 'இலவசம்னு போட்டிருக்கே' என்று கேட்டால், 'உள்ள போறது இலவசம், தண்ணி ஊத்தறதுக்குத்தான் அஞ்சு ரூபா' என்கிறார். 2015 ஆகஸ்டில் பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்ட அறை திறந்தார்கள். நல்ல காரியம், இன்றைக்கும் கும்பிடுகிறேன். இந்த ஊர் அறைக்குப் பூட்டு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் துடைப்பம், பிளீச்சிங் பவுடர் மூட்டை, சுருட்டிய ஃபிளெக்ஸ். கைக்குழந்தைக்காரி சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள். ஃபிளெக்ஸில் இருக்கும் தலைவர் நனையாமல் பத்திரமாக இருக்கிறார்.

அப்படி ஒரு மழை நாளில் அங்கே ஒரு நெசவாளி அம்மாவைப் பார்த்தேன். அவருக்குச் சொந்த ஊர் தேவிகாபுரம் பக்கம். கையில் மஞ்சப்பை, பைக்குள் பழைய வேட்டியில் சுற்றிய சேலை. வாரக்கணக்கில் புருஷனும் அவரும் குழித்தறியில் கால் தொங்கப் போட்டு நெய்தது. முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டு அடுத்த பாவுக்குப் பட்டும் ஜரிகையும் வாங்கி வர வேண்டும். புதுச் சேலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் தடம் நிற்கும். முதலாளி ஜன்னல் வெளிச்சத்தில் மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்ப்பார். 'என்னம்மா இது?' என்பார், அவ்வளவுதான். கூலியில் பிடிப்பதைச் சத்தம் போட்டுச் சொல்கிற வழக்கமில்லை.

சாரல் உள்ளே வந்தது. அவர் பையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். கடைப் படியில் ஏறினார். 'யாவாரத்த மறைக்காதீங்கம்மா' என்று இறக்கிவிட்டார்கள். அடுத்த கடையில் போய், 'தம்பி, பெரிய கவரா ஒண்ணு குடேன்' என்றார். கடைக்காரப் பையன் இரண்டு பக்கமும் பார்த்தான். 2019 ஜனவரி முதல் தடை செய்த சரக்கு அல்லவா! பெட்டிக்கு அடியிலிருந்து உருவிக் கொடுத்தான். அஞ்சு ரூபாய். கோடிக்கணக்கில் கட்டிய கூரை செய்யாத வேலையைச் சட்டம் தடுத்த ஒரு கவர் செய்தது. சேலை நனையவில்லை. அவர் நனைந்தார்.

டவுன் பஸ் வந்தது. 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு அது மாசம் பல நூறு ரூபாய் மிச்சம், மறுக்கவில்லை. ஆனால் வெள்ளைப் பலகை மாட்டிய அந்த இலவச பஸ் தன் இடத்தில் நிற்காமல் தள்ளிப் போய் வெளி வாசலில் நின்றது. பெண்கள் குட்டையில் மிதித்துக்கொண்டு ஓடினார்கள். காசு தராத பயணிக்கு ஓட்டப் பந்தயம் இனாம். 2022இல் ஓர் அமைச்சரே மேடையில் 'ஓசி' என்று சொன்ன நாட்டில், ஓட்டுநரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

அந்தச் சேலை பெரிய ஊர்க் கடைக்குப் போகும். அங்கே அதற்கு ஏ.சி. உண்டு, கண்ணாடி அலமாரி உண்டு, தனியாக விளக்கு உண்டு. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு என்று அட்டை தொங்கும். நெய்தவருக்கு ஒரு கூரை உண்டா என்று கேட்டால் டெண்டர் விடுவதாகச் சொல்வார்கள்.

கிளம்பும்போது கல்வெட்டைப் பார்த்தேன். பளிங்குக் கல், பொன் எழுத்து. அமைச்சர், எம்.எல்.ஏ., தலைவர், துணைத் தலைவர், ஆணையர் என்று ஒருவர் பாக்கியில்லை. அது பதித்திருக்கும் இடத்தில் சுவர் மூன்று பக்கம், மேலே தாழ்வான கூரை, முன்பக்கம் கம்பித் தடுப்பு. அந்த வளாகத்திலேயே முறையாக மூடிக் கட்டிய இடம் அது ஒன்றுதான். ஆக, எப்படிக் கட்ட வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியும். யாருக்குக் கட்ட வேண்டும் என்பதில்தான் தகராறு.

விளிம்பைப் பஸ் கதவுவரை நீட்ட வேண்டும். சாரல் அடிக்கிற பக்கம் ஒரு சுவர். கடைச் சாமான் கடைக்குள். தடத்துக்கு ஓர் எண், அந்த எண்ணில் பஸ். லண்டனுக்கு அதிகாரிகளை அனுப்பிப் படித்து வரவேண்டிய வித்தை எதுவும் இதில் இல்லை. அனுப்பினால் அங்கிருந்து கடை வாடகையை எப்படி ஏற்றுவது என்றுதான் கற்றுக்கொண்டு வருவார்கள்.

அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கு வீட்டுத் திண்ணையில் நாற்காலி போடாதீர்கள். 'பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க, பேசிக்கலாம்' என்று சொல்லுங்கள். மழை நாளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். குடை பிடிக்கிற ஆட்களை வெளியே நிறுத்திவிட்டு, அவர் போட்டிருக்கும் பட்டு அங்கவஸ்திரத்தை ஒரு மஞ்சப்பையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்து, போளூர் பஸ் வரும்வரை நிற்கச் சொல்லுங்கள். அங்கவஸ்திரம் நனையாமல் நின்றாரானால் தாராளமாக ஓட்டுப் போடுங்கள்.