ஓய்வூதியரின் கடற்படை

பிரிட்டனில் பணி ஓய்வு பெற்றோர் பலர் ஈடுபடும் மரக்கப்பல் மாதிரிக் கலையில், 1805-இல் டிரஃபால்கர் போரில் நெல்சனின் கொடிக்கப்பலாக, அதாவது தளபதி தங்கி ஆணையிடும் தலைமைக் கப்பலாக விளங்கிய 'விக்டரி'க்குத் தனி மதிப்பு உண்டு. 1759-இல் அடிமரம் இடப்பட்டு 1765-இல் நீரில் இறக்கப்பட்ட அக்கப்பலுக்கு ஏறத்தாழ 6,000 மரங்களும் ஆறு ஆண்டுகளும் தேவைப்பட்டன. அதை 72-இல் ஒரு பங்காகச் சுருக்கும் ஓய்வூதியருக்கு மரம் ஓர் அட்டைப்பெட்டிக்குள் அடங்கிவிடுகிறதே தவிர, ஆண்டுகள் அதே விகிதத்தில் சுருங்க மறுக்கின்றன.

மெல்லிய மரப்பட்டிகளை நீரில் ஊறவைத்து வளைத்து, சட்டங்களின்மேல் ஒட்டும் பலகையிடல் ஒருவாறு முடிந்ததும், பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளுக்குக் குறுக்கே, மாலுமிகள் ஏறுவதற்கான நூற்படிகளைக் கட்டும் படலம் தொடங்குகிறது. பணிக்காலத்தில் எந்தக் கோப்பையும் இருமுறை புரட்டியறியாத கைகள், கோணிப்போன ஒற்றை முடிச்சை இடுக்கியால் அவிழ்த்து மீண்டும் போடுகின்றன. ஏறுவதற்கு மாலுமி எவருமில்லை என்பது பொருட்டன்று. 1922 முதல் போர்ட்ஸ்மத் உலர்துறையில் நிற்கும் மூலக் கப்பலோ, அரச கடற்படையின் பணிப்பட்டியலிலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. மாதிரி முடிந்தபின் அதன் 104 பீரங்கிகளிலும் படியும் தூசியைத் தூரிகையால் துடைக்கும் பொறுப்பு, கடற்படைக்கு ஒருபோதும் விண்ணப்பித்திராத வாழ்க்கைத் துணையைச் சேர்கிறது.