பெட்டிக்கு முண்டு கொடுத்தல்: கண்டாவளைப் பிரதேசத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

வன்னியின் கற்களைப் பற்றி எழுதியவர்கள் கொஞ்சப் பேரல்ல. பண்டாரவன்னியன் 1803இல் தோற்றான் என்று கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நட்ட கல்லுக்கு எத்தனையோ கட்டுரைகள் உண்டு. ஆனால் பரந்தனில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பி, முரசுமோட்டை தாண்டிக் கண்டாவளைப் பக்கம் இறங்கினால், வளவுக்கு வளவு உழவு இயந்திரப் பெட்டியின் மூக்கைத் தாங்கிக்கொண்டு கிடக்கிற கல்லுக்கு இன்றுவரை ஓர் அடிக்குறிப்புக்கூடக் கிடையாது. தோல்வியைச் சொன்ன கல்லுக்கு வரலாறு, பாரம் சுமந்த கல்லுக்குப் புழுதி. இந்த அநீதியைத் துடைப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் வரையறை. முண்டு என்பது, எஞ்சினைக் கழற்றியபின் பெட்டி மூக்குக் குப்புற விழாதபடி அதன் கீழே கொடுக்கப்படும் திண்ணிய பொருள். அது கல்லாயினும் மரக்குற்றியாயினும் கவிழ்த்த உரலாயினும் முண்டே என்க. அற்றேல், பெட்டி செய்தவரே முன்புறத்தில் பொருத்தித் தந்த இரும்புக் கால் முண்டாகாதோ எனின், ஆகாது. வாங்கிய வருடமே அதன் ஆணி தொலைந்துவிடும். ஆணி தொலையாதவிடத்துக் கால் வளைந்துவிடும். இரண்டும் நிகழாத இரும்புக் கால் கண்டாவளைப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் எங்கேனும் இருக்குமாயின் அதனை விதிவிலக்காகக் கொள்க.

இனிப் பெட்டியின் உடற்கூறு. பிரித்தானியாவிலிருந்து வந்த லாண்ட்மாஸ்டர் போய், ஜப்பான்காரனின் எஞ்சின் வந்து, சீனாக்காரனின் எஞ்சினும் வந்தாயிற்று. ஆனாலும் கைபிடியும் இரண்டு சில்லும் உள்ளதெல்லாம் எங்களுக்கு லாண்ட்மாஸ்டர்தான். அதன் பெட்டிக்கும் இரண்டே சில்லு. பாரத்தின் பெரும்பங்கை அச்சு தாங்க, மிச்சத்தைப் பெட்டி தன் மூக்கு வழியாக எஞ்சினின் கொழுக்கியில் இறக்கிவைக்கிறது. ஆக, தனியே நிற்கத் தெரியாத இரண்டு சாமான்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நாலு சில்லில் நிமிர்ந்து ஓடுகின்றன. உழவுக்காலம் வந்ததும் எஞ்சின் கலப்பையைக் கட்டிக்கொண்டு வயலுக்கு இறங்கிவிடும். பெட்டி வளவில் தனித்துப்போகும். அங்கேதான் முண்டு பிறக்கிறது.

இதே சிக்கலை அமெரிக்கர் வேறு வழியால் போய் அடைந்தார்கள். டெட்ராயிட்டில் ஓகஸ்ட் புரூஹாவ் என்ற கொல்லர் 1914இல் ஒரு போர்ட் காரின் பின்னால் படகொன்றை ஏற்றி இழுப்பதற்கு வண்டி செய்து கொடுத்தார். ஆகாய விமானம் செய்து பெயரெடுத்த கிளென் கர்ட்டிஸ், 1920களில் மூக்கைக் காரின் மேல் சாய்த்துக்கொண்டு இழுபடும் வீட்டு வண்டியைக் கட்டினார். இன்று கனடாவிலும் அமெரிக்காவிலும் பிக்கப் வாகனத்தின் முதுகில் மூக்கை வைத்துக்கொண்டு ஓடுகிற நடமாடும் வீடுகளுக்கெல்லாம் பாட்டனார் அதுதான். பாரத்தில் ஒரு பங்கை இழுக்கிறவன் முதுகில் ஏற்றுவது என்ற கொள்கையளவில் கர்ட்டிஸின் வண்டியும் எங்கள் பெட்டியும் ஒன்றுவிட்ட சகோதரங்கள். ஒன்றுக்குள்ளே கட்டில், குசினி, குளியலறை. மற்றதற்குள்ளே வைக்கோல், யூரியா, சில நாட்களில் ஆடு. வேறுபாடு அவ்வளவே.

ஒப்பியல் ஆய்வுக்கான களம் தானாகவே வாய்த்தது. ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர், ஊரியான் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில், தன் நடமாடும் வீடு தானாக மட்டம் எடுக்கிற காட்சியைக் கைத்தொலைபேசியில் போட்டுக் காட்டினார். காட்டில் ஒரு சரிவான இடம். வீட்டின் அடியிலிருந்து ஆறு இரும்புக் கால்கள் இறங்குகின்றன. மோட்டார் எண்ணெயை அமுக்க, முன்னும் பின்னும் முதலில் ஒத்துவருகிறது. பிறகு இடமும் வலமும். உள்ளே இருக்கிற ஒரு கருவி சரிவை அளந்து அளந்து ஒவ்வொரு காலுக்கும் கட்டளை கொடுக்கிறது. கடைசியில் ‘கீ’ என்று ஒரு சத்தம். வீடு நிமிர்ந்துவிட்டது.

கடையில் இருந்த பெரியவர், நெல்லுக்கும் பெட்டிக்குமாகவே வாழ்ந்தவர், கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ஏன் தம்பி இவ்வளவு கஸ்ரப்பட்டு நிமித்திறியள்? உள்ளுக்க என்ன கிடக்கு, சரியக்கூடாதெண்டு?”

“பிரிட்ஜ், பெரியப்பா. சரிஞ்சு நிண்டா அது பழுதாப்போகும்.”

“அப்ப பிரிட்ஜுக்காண்டி வீட்டை நிமித்திறியள்.”

கேலி போல ஒலித்தாலும், பெரியவர் இவ்விடத்தில் பொருளின் வேரைத் தொட்டுவிட்டார். நடமாடும் வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவந்தது, 1922இல் சுவீடனில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த வகைக் குளிர்ப்பெட்டி. அதில் சுழல்கிற உறுப்பென்று ஒன்றுமில்லை. கீழே ஒரு சுவாலை எரியும். சூடேறிய அமோனியா மேலே போய்க் குளிர்ந்து திரவமாகி, தன் பாரத்தால் தானே குழாய் வழியே கீழே வழியும். வழிவதற்குச் சரிவு சரியாக இருக்கவேண்டும். பக்கவாட்டில் 3 பாகை, நெடுக்கில் 6 பாகை வரை பொறுத்துக்கொள்ளும் என்பது வழக்கமான கணக்கு. அதற்கு மேல் சரிந்து நின்றால் திரவம் ஒரு மூலையில் தேங்கும், கொதிகலன் காய்ந்து சூடேறும், குழாய் துருப்பிடிக்காமலிருக்கக் கலந்த உப்பு கட்டிபட்டு வழியை அடைக்கும். பிறகு அந்தப் பெட்டியை மீன் வைக்கக்கூட எடுக்கேலாது. ஓட்டத்தில் குலுங்கிக் குலுங்கிச் சமன்பட்டுவிடுமாம். சும்மா நிற்கும்போதுதான் ஆபத்து. புதிய வண்டிகளில் வீட்டுக் குளிர்ப்பெட்டி போலவே கொம்பிரசர் வைத்தது வந்துவிட்டதால் இந்தக் கண்டிப்பு தளர்ந்திருக்கிறது. ஆறு கால்களும் தங்கள் இருப்புக்கு வேறு நியாயம் தேடுகின்றன: கதவு தானே திறந்து ஆடக்கூடாது, குளித்த தண்ணி மூலையில் நிற்கக்கூடாது, தலைப்பக்கம் பதிந்து படுத்தால் நித்திரை வராது.

பெரியவர் விடவில்லை. “அந்த இரும்புக் காலுக்குக் கீழ மஞ்சளாத் தெரியிறது என்ன?”

வந்தவர் கொஞ்சம் தயங்கினார். “அது கட்டை, பெரியப்பா. பிளாஸ்ரிக். நாங்கள்தான் இறங்கி வைக்கவேணும்.”

கடையில் எழுந்த சிரிப்பை இவ்வாய்வு தரவாகக் கொள்கிறது. எண்ணெய்க் கால் நெடுக நீண்டால் ஆட்டம் கொடுக்கும், ஆகவே கட்டை வைத்து உயரத்தைக் குறைக்கவேண்டும். ஈர மண்ணில் சின்னப் பாதம் புதையும், ஆகவே அகலமான கட்டையில் பாரத்தைப் பரப்பவேண்டும். பிக்கப்பைக் கழற்ற முன்னர் சில்லுக்கு முன்னும் பின்னும் அடை வைக்கவேண்டும். கால்கள் எவ்வளவு தூக்கினாலும் சில்லு நிலத்தை விட்டு எழும்பக்கூடாது. எழும்பினால் வண்டியைப் பிடித்து வைத்திருக்க ஒன்றுமில்லை. இத்தனையும் செய்த பிறகுதான் தானியங்கி தானாக இயங்கும். ஆதலின் முதலாவது முடிபு: ஜக் நாட்டுக்கு நாடு மாறும், முண்டு மாறாது.

முண்டு பற்றிக் கண்டாவளையில் இரண்டு மரபுகள் உண்டு. கல் மரபினர் உறுதியைப் பேசுவர்: கல்லுக்குக் கறையான் இல்லை, மழை இல்லை, அடுப்புக்கு எடுப்பார் இல்லை. குற்றி மரபினர் இணக்கத்தைப் பேசுவர்: கல்லின் மேல் இரும்பு வழுக்கும், மரத்தில் இரும்பு கொஞ்சம் பதிந்து உட்காரும். 2018 டிசம்பரில் இரணைமடுக் கதவுகள் திறபட்டு, மழையும் சேர்ந்து கண்டாவளை வெள்ளத்தில் மூழ்கியபோது இந்த விவாதம் இயற்கையாலேயே தீர்க்கப்பட்டது என்பது கல் மரபினர் வாதம். குற்றி மிதக்கும், கல் மிதக்காது. தங்கள் குற்றி போனாலும் அயலான் குற்றி வந்து சேர்ந்தது என்று மற்றவர்கள் பதில் சொல்கிறார்கள். இந்தக் கட்டுரையாளர் குற்றியின் பக்கம். பாலைக் குற்றியின் மேல் பெட்டி இறங்கும்போது கேட்கிற அந்த அடங்கிய ‘தொம்’ கல்லிடம் கிடையாது.

குற்றிகளில் தலையாயது சிலிப்பர் கட்டை. 1990இல் யாழ்தேவி நின்றபின், பரந்தனிலும் ஆனையிறவிலும் சும்மா கிடந்த பாதையின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. பதுங்குகுழிக்குத் தேவை இல்லாமற்போன பின் கட்டைகள் என்னென்னவோ ஆயின; அதிலொன்று பெட்டிக்கு முண்டு. ரயிலையும் தாங்கி, மண்மூட்டைகளையும் தாங்கி, இப்போது நெல்லைத் தாங்குவதால் பாரம் சுமப்பது அதற்குப் பரம்பரைத் தொழில். 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்பியபோது கொங்கிறீற் கட்டையில் பாதை போட்டுவிட்டார்கள். பழைய கட்டையைத் திருப்பிக் கேட்டு ஒருவரும் வரவில்லை. கடைநிலை, ஓட்டையுள்ள சீமெந்துப் புளொக் கல். நிமிர்த்தி வைத்தால் சில காலம் பொறுக்கும். பக்கவாட்டில் வைத்தால் நெல்மூட்டை ஏறுகிற அன்றைக்கே தூளாகும். உரல் தனி வகுப்பு. பாரம் தாங்குவதில் அதற்கு நிகரில்லை, ஆனால் வீட்டுக்காரிக்குத் தெரியாத நேரத்தில் மட்டுமே பயன்படும்.

எங்கள் பெட்டிகள் எந்தப் பாகையில் நிற்கின்றன என்று அளந்தால் மூன்றும் ஆறும் எங்கோ கீழே கிடக்கும். மூக்கு வானத்தைப் பார்க்க நிற்பவை உண்டு, நிலத்தை முகர நிற்பவை உண்டு. இதைக் கொண்டு கண்டாவளையாருக்கு மட்டம் தெரியாது என்று முடிவுகட்டுகிறவர் மாரியில் ஒருமுறை வயலுக்கு வரவேண்டும். இரணைமடுவிலிருந்து கனகராயன் ஆறு சுண்டிக்குளம் நீரேரிக்கு இறங்குகிற நிலம் இது. சரிவு கண்ணுக்குத் தெரியாது. தண்ணிக்குத் தெரியும், தண்ணி பார்க்கிறவருக்கும் தெரியும். சேற்றில் பலகை இழுத்து மட்டம் எடுக்கும்போது ஒரு மூலையில் நாலு விரல் தண்ணி என்றால் மறுமூலையிலும் நாலு விரல். பிட்டி விட்டால் அங்கே புல் முளைக்கும், பள்ளம் விட்டால் விதை அழுகும். ரசமட்டம் இல்லை, உணர்கருவி இல்லை. வரம்பில் நிற்கிற மனிதர் கையை நீட்டி “அங்கால கொஞ்சம்” என்பார், மிசின்காரர் அங்கால கொஞ்சம் இழுப்பார். இத்தனை கூர்மையுள்ள கண், வீட்டுக்கு வந்ததும் பெட்டி சாய்ந்து நிற்பதைப் பொருட்படுத்தாதது ஏன்? பெட்டிக்குள் வழியவேண்டிய திரவம் இல்லை என்பதே காரணம். மட்டமென்பது தண்ணிக்கோ அமோனியாவுக்கோ மனிதர் செய்கிற மரியாதை. வறட்சிக்குத் தண்ணித் தாங்கி ஏற்றிய பெட்டியை மட்டும் இதே ஆட்கள் பார்த்துப் பார்த்து நிறுத்துவது இதற்குச் சான்று.

நடமாடும் வீடு எங்களுக்குப் புதிது என்றும் எழுதிவிட முடியாது. 2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் இதே வீதியால் சனம் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே போனபோது கூரைத் தகடு, கதவு நிலை, நெல்மூட்டை, தையல் மெசின், நடக்கேலாத கிழவி எல்லாம் பெட்டியில்தான் ஏறின. பெட்டியோடு தறப்பாளை இழுத்துக் கட்டிக் கீழே படுத்தார்கள், சமைத்தார்கள். அப்போது ஒருவரும் மட்டம் பார்க்கவில்லை. திரும்பக் கொழுவ எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதுதான் கணக்கு. முண்டைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள். கடற்கரை மணலில் கல் எங்கே தேடுவது? அந்தப் பருவத்து முண்டுகளை இவ்வாய்வு வகைப்படுத்தவில்லை.

எஞ்சியிருப்பது பின்பாரப் பிரச்சினை. ஏற்றிய சாமான் பின்னுக்கு ஒதுங்கியிருந்தால் கொழுக்கியைக் கழற்றிய கணமே மூக்கு மேலே பாயும், நாடி கவனம். வெறும் பெட்டியிலும் இது நிகழும். புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில் பொங்கலுக்குக் குடும்பத்தோடு போய் மரநிழலில் பெட்டியைக் கழற்றி விட்டால், பெரியவர்கள் அடுப்பு மூட்டுகிற நேரத்தில் சின்னதுகள் பின்பலகையில் ஏறி நின்று குதிப்பார்கள். மூக்கு எழும்பும், விழும், முண்டு ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு விரல்கடை தள்ளிப்போகும். பின்னுக்கும் ஒரு முண்டு, சில்லுக்கு இரண்டு பக்கமும் கல்லு என்பது விதி. கழற்றும் வேளையில் ஒரு முண்டுக்கே தேடி ஓடவேண்டியிருக்கும் என்பது நடைமுறை. ஏனெனில் பெட்டி கொழுவிப் போனபின் முண்டு ஒருபோதும் முண்டாகக் கிடப்பதில்லை. அது படியாகும், கோடரிக்கு அடிக்கட்டையாகும், பெரும்பாலும் ஆசனமாகும். ஆசனப் பயன்பாடு குறித்து விரிவாக எழுத எண்ணி, வேப்பமர நிழலில் கிடந்த நல்ல அகலமான பாலைக் குற்றியொன்றில் இருந்துகொண்டு குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, படலையால் லாண்ட்மாஸ்டர் ஒன்று பெட்டியோடு உள்ளே வந்து நின்றது. எஞ்சினை நிற்பாட்டாமலே மிசின்காரர் சொன்னார்:

“ஒருக்கா எழும்புங்கோ அண்ணை, பெட்டியைக் கழட்டவேணும்.”