சத்தம் வரும் முன்னே, சிக்ஸர் வரும் பின்னே

கேள்வி (சிவாஜிநகர் வாசகர்): சின்னசாமி ஸ்டேடியம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். லேப்டாப்பில் ‘லைவ்’ மேட்ச் பார்க்கிறேன். வெளியே ‘ஓ’வென்று கத்துகிறார்கள், என் திரையில் பவுலர் இன்னும் பந்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். லேப்டாப்பை மாற்ற வேண்டுமா?

பதில்: வீட்டை மாற்றினால் போதும். கூச்சல் காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் மூன்றே நொடியில் உங்கள் ஜன்னலுக்கு வந்துவிடும். படம் அப்படி நேராக வருவதில்லை. பல தரங்களில் நகலெடுக்கப்பட்டு, சில நொடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு, சர்வர் சர்வராக ஏறி இறங்கி வருகிறது. வந்ததையும் பிளேயர் உடனே காட்டாது. நடுவில் நெட் தடுமாறினால் சமாளிக்க இரண்டு மூன்று துண்டுகளைக் கையிருப்பில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கும். துண்டு ஒன்றுக்கு 6 நொடி என்றால் அங்கேயே 18 நொடி போச்சு. 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பார்வையாளர்கள் பார்த்தார்கள். கையிருப்பு இல்லாமல் அவ்வளவு பெரிய பந்தி நடத்த முடியாது.

காபி குடிக்க நீங்கள் நிறுத்தி வைத்த நேரமும் இதில் சேரும். ‘லைவ்’ பொத்தானை ஒரு தட்டுத் தட்டுங்கள், அந்தப் பாக்கியாவது தீரும். மீதிக்கு ஜன்னலைச் சாத்துங்கள்.

கேள்வி (பெல்லந்தூர் வாசகி): 200 எம்பிபிஎஸ் பிளான். ஆனாலும் ராத்திரி எட்டு மணிக்குப் படம் போட்டால் வட்டம்தான் சுற்றுகிறது. கம்பெனிக்குப் போன் செய்தால் 300-க்கு மாறச் சொல்கிறார்கள். மாறட்டுமா சார்?

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. முழு ஹெச்.டி. படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. 200-இல் ஒரு வீட்டில் பத்துப் பேர் பத்துப் படம் பார்க்கலாம். கோளாறு பெரும்பாலும் ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவே உள்ள கடைசிப் பத்தடியில்தான்.

உங்களுடையது அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால், லேப்டாப்பில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு எல்லார் பெயரும் இருக்கும். பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. எட்டு மணிக்கு மொத்த பிளாக்கும் அந்த மூன்றில் முண்டியடிக்கிறது. உங்கள் மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான் சாதத்தைச் சூடாக்குகிறது.

முதலில் ஒரு லேன் வயரை ரவுட்டரில் ஒரு முனை, லேப்டாப்பில் மறுமுனை என்று செருகிப் படம் போடுங்கள். வட்டம் நின்றுவிட்டால் குற்றவாளி வைஃபைதான். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். ஆனால் அது சுவரைத் தாண்டத் திணறும். ஆகவே ரவுட்டரைச் செருப்பு அலமாரிக்குள்ளிருந்தும், டிவிக்குப் பின்னாலிருந்தும், முக்கியமாக மீன் தொட்டிக்குப் பக்கத்திலிருந்தும் விடுதலை செய்யுங்கள். தண்ணீர் அந்த அலையை நன்றாகவே குடிக்கும். வயரிலும் வட்டம் சுற்றினால் மறுபடி போன் செய்யுங்கள். ‘வயரில் போட்டுப் பார்த்தேன்’ என்ற ஒரு வாக்கியத்துக்கு அந்தப் பக்கம் குரலே மாறும்.

மழை நாளில் மட்டும் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். பெங்களூரில் ஃபைபர் மரத்துக்கு மரம் கொடியாகத் தொங்குகிறது. கிளை விழுந்தால் அதுவும் விழும். பெட்டியில் ‘எல்.ஓ.எஸ்.’ என்ற இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கினால் சிக்னலே வரவில்லை என்று பொருள். ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் மரம் நிமிராது.

கேள்வி (அல்சூரிலிருந்து ஒரு அசோசியேஷன் செயலாளர்): ஹாலில் பழைய புரொஜெக்டரில் படம் போட்டோம். சத்தம் வருகிறது, திரை மட்டும் கருப்பு.

பதில்: மைசூர் சமஸ்தானத்துப் பாரம்பரியம் அது. 1935-இல் பேராசிரியர் எம்.வி.கோபாலசாமி மைசூரில் தன் வீட்டிலேயே தொடங்கிய ‘ஆகாசவாணி’யிலும் சத்தம் மட்டும்தான் வந்தது.

உங்கள் புரொஜெக்டருக்கு ஹெச்.டி.சி.பி. என்னும் திருட்டுத் தடுப்புப் பூட்டைத் திறக்கத் தெரியாமல் இருக்கலாம். திறக்கத் தெரியாத கருவிக்குப் படத்தை அனுப்பாதே என்பது தயாரிப்பாளர்கள் போட்ட நிபந்தனை. லேப்டாப் திரையில் மட்டும் படம் தெரிகிறதென்றால் இதுதான் காரணம். அங்கும் கருப்பு என்றால் பிரவுசர் அமைப்பில் ‘ஹார்ட்வேர் ஆக்சலரேஷன்’ என்பதை அணைத்துவிட்டு, பிரவுசரை மூடித் திறந்து பாருங்கள். வீட்டுச் சந்தாவில் ஹாலில் படம் காட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

கேள்வி (ஸ்ரீராம்புரம் வாசகர்): வசனம் முணுமுணுப்பாகக் கேட்கிறது. கூட்டினால் சண்டைக் காட்சியில் குழந்தை எழுந்துவிடுகிறது.

பதில்: அந்த ஒலி ஆறு ஸ்பீக்கருக்காகப் பிரித்துச் செய்தது. வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும். உங்கள் லேப்டாப்பில் இருப்பது இரண்டு. ஆடியோ பட்டியலில் ‘5.1’ போட்டதை விட்டுவிட்டு வெறும் ‘தமிழ்’ அல்லது ‘ஸ்டீரியோ’ என்றிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் சப்டைட்டில். குழந்தைக்கும் எழுத்துப் பழகும்.

கேள்வி (மாரத்தஹள்ளி ஐ.டி. ஊழியர்): ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டு தேனாக ஒலிக்கிறது. மீட்டிங்கில் சேர்ந்ததும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது.

பதில்: மைக்கைத் திறந்ததும் ஹெட்செட் டெலிபோனாக மாறிவிடுகிறது. மைக்குக்கு லேப்டாப்பினுடையதைத் தேர்ந்தெடுங்கள், தேன் திரும்பிவிடும். மீட்டிங்கில் பாட்டு எதற்கு என்று உங்கள் மேனேஜர் கேட்கட்டும்.

கேள்வி (ஃப்ரேசர் டவுன் வாசகர், வயது 71): என் பழைய கம்ப்யூட்டரில் எந்தப் பாட்டுத் தளமும் திறக்கவில்லை. ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்கிறது. புதிது வாங்கச் சொல்கிறான் பேரன்.

பதில்: மூலையில் தேதியைப் பாருங்கள். பத்து, பதினைந்து வருடம் பின்னால் இருக்கிறதா? ஒவ்வொரு தளமும் காட்டும் அடையாளச் சான்றிதழுக்கு ஒரு தொடக்க நாள் உண்டு; உங்கள் கம்ப்யூட்டர் கணக்கில் அந்த நாள் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைச் சரிசெய்தால் பாட்டு வந்துவிடும். மறுநாள் பிளக்கைப் போட்டதும் பழையபடி பின்னால் ஓடினால், மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். வாங்கி வரப் பேரனை அனுப்புங்கள். பாக்கிச் சில்லறையை அவனே வைத்துக்கொள்ளட்டும்.