கெபாயா: பெயர் மூலம் குறித்த முதற்கட்ட ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

மலாய்ப் பெண்கள் சாரோங்குக்கு மேல் அணியும், முன்பக்கம் திறந்த மெல்லிய சட்டைக்குக் கெபாயா என்று பெயர். 2024 டிசம்பரில் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், புருணை, தாய்லாந்து ஐந்தும் கூட்டாக விண்ணப்பித்து அதை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏற்றிவிட்டன. சட்டை யாருடையது என்ற வழக்கு இப்படி ராஜியானது. பெயர் யாருடையது என்பது நிலுவையில் இருக்கிறது.

2. அரபுக் கட்சி

அரபு, பாரசீக ஆண்கள் போட்ட நீண்ட அங்கி ‘கபா’. அதுவே மூலம் என்பது பெரும்பான்மையோர் தீர்ப்பு. ‘அபாயா’தான் மூலம் என்போரும் உண்டு. அபாயகரமான வாதம் என்பதால் விலகி நடப்போம்.

3. போர்த்துக்கீசியக் கட்சி

1511இல் மலாக்காவைப் பிடித்தவர்கள், கீழைநாட்டு அங்கிகளைக் ‘கபாயா’ என்று எழுதினார்கள். ஆகவே சரக்கு அரபு, கப்பல் போர்த்துக்கீசியம். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெல், யூலோடு சேர்ந்து தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலும் (1886) கபாயாவுக்கு இடம் உண்டு.

4. நம் கட்சி

காப்பு + ஆயா = கபாயா என்று நிறுவிவிடலாம்தான். ஆனால் குழந்தை பார்க்கும் ஆயாவே போர்த்துக்கீசியர் தந்த சொல். மெய்யான உறவு வேறிடத்தில் இருக்கிறது. விஜயநகர அரசவையில் ஆண்கள் உடம்பில் கபாயியும் தலையில் குல்லாயியும் தரித்தார்கள். கபாயி மறைந்தது, குல்லாய் தங்கிவிட்டது. குல்லா போடும் கலை ஆய்வுலகில் இன்றும் செழிக்கிறது.

5. நீள விதி

கணுக்காலை எட்டிய ஆண் அங்கி, பெண்ணிடம் வந்து இடுப்பளவாகச் சுருங்கியது எப்படி? நீளம் அழிவதில்லை என்பது எம் கண்டுபிடிப்பு. சட்டையில் குறைந்ததெல்லாம் அதைப் பற்றிய கட்டுரைகளில் சேர்ந்திருக்கிறது.

6. முடிவு

மரபான கெபாயாவுக்குப் பொத்தான் கிடையாது. கெரோங்சாங் என்னும் மூன்று புரோச்சுகளால் மார்பில் சேர்த்துக் குத்துவார்கள். சில செட்டுகளில் மேலே உள்ள பெரியது தாய், கீழே உள்ள இரண்டும் பிள்ளைகள். இங்கேதான் முன்னோர் கவனிக்காத தடயம் கிடக்கிறது. பொத்தான் என்ற சொல்லும் போர்த்துக்கீசியர் இறக்கிய சரக்கே. நாம் பொத்தானை வாங்கிக்கொண்டு கபாயியைத் தொலைத்தோம். மலாய்ப் பெண்கள் பெயரை வாங்கிக்கொண்டு பொத்தானைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வியாபாரத்தில் யார் கெட்டி என்பதை அடுத்த நிதி ஒதுக்கீட்டில் ஆராய்வோம்.