பாஞ்சாலி எந்தக் கட்சி?

பங்குனி கழிந்தால் எங்கள் வட்டாரத்தில் பாரதம் தொடங்கிவிடும். பகலில் பிரசங்கியார் கதை சொல்வார், இரவில் கூத்து. துகில் உரியும் இரவுக்குத்தான் கூட்டம் அதிகம். துச்சாதனன் வேஷம் கட்டியவர் முந்தானையைத் தொடுவதற்கு முன்னால் திரௌபதையம்மனுக்குக் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுக்கொள்வார். இது வேஷம்தான் தாயே, என்னைக் கோவிச்சுக்காதே என்று. அப்படியும் யாராவது ஒரு பெண்ணுக்குச் சாமி வந்துவிடும், அவளை நாலு பேர் பிடிக்க வேண்டியிருக்கும். ஆண்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பீஷ்மரையும் துரோணரையும் திட்டுவார்கள். "இத்தனை பெரிய மனுஷனுங்க உக்காந்திருக்கானுங்களே, ஒருத்தனுக்கும் வாயத் தொறக்கத் தெரியலியே!"

அதே ஆண்களுக்கு வாய் திறக்கும் வாய்ப்பு 1989 மார்ச் 25, சனிக்கிழமை சாயங்காலம் வந்தது.

மாகறல், காஞ்சிபுரத்துக்கும் உத்திரமேரூருக்கும் நடுவே செய்யாற்றங்கரை ஊர். சம்பந்தர் பாடிய கோயில் இருக்கிறது, நெல் விளைகிறது, தறியும் ஓடியது. அப்பா பட்டுத்தறியில் உட்கார்ந்திருப்பார். கோர்வைச் சேலைக்குக் கரைப் பக்கத்து நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும், அது நான். கூலி இல்லாத ஆள் என்பதால் எனக்கு ரேடியோ கேட்கும் உரிமை உண்டு. மாலை ஆறரை மணி மாநிலச் செய்தியைப் பூசி மெழுகித்தான் வாசித்தார்கள். முழுக் கதையும் கடைசி பஸ்ஸில் வந்த மாலைப் பத்திரிகையோடு வந்து சேர்ந்தது.

அன்று சட்டசபையில் முதலமைச்சர் கருணாநிதி பட்ஜெட் வாசித்தார். அமளி, கைகலப்பு. முதல்வரைத் தாக்கினார்கள், மூக்குக் கண்ணாடி உடைந்தது என்றது ஒரு தரப்பு. எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதாவின் சேலையை ஓர் அமைச்சரே பிடித்து இழுத்தார் என்றது மறு தரப்பு. முதலமைச்சராகத்தான் இந்தச் சபைக்குள் திரும்ப வருவேன் என்று ஜெயலலிதா சபதம் போட்டார்.

எங்கள் வீட்டில் அப்பா முரசொலி, தாய்மாமா நமது எம்.ஜி.ஆர். ஒரே திண்ணையில் இரண்டு பத்திரிகையும் கிடக்கும். மறுநாள் காலை இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் இரண்டு வேறு ஊர்களில் இரண்டு வேறு சட்டசபைகள் நடந்ததாகத் தோன்றும். மாமா கண் சிவக்க, "பாஞ்சாலிக்கு நடந்தது மாதிரியே நடந்துபோச்சு" என்றார். அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்திருக்காமலே, "நடிகைதானே, நடிக்கச் சொல்லியா குடுக்கணும்?" என்றார். டீக்கடையிலும் இதே இரண்டு வாக்கியங்கள்தான், குரல்கள் மட்டும் அதிகம். போன சித்திரையில் துகில் உரியும் இரவில் துண்டை நனைத்த அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். கூத்து மேடையில் நின்றவளிடம் யாரும் கட்சி அட்டை கேட்டதில்லை.

ஆயா மட்டும் இரண்டு பத்திரிகைக்கும் நடுவில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "டேய், சேலையத் தொட்டானா தொடலியா, அத மட்டும் சொல்லுங்கடா." இதற்கு அப்பா எம்.ஜி.ஆர். ஆட்சியின் ஊழலைப் பதிலாகச் சொன்னார். மாமா கருணாநிதி ஆட்சியின் ஊழலை விசாரித்த சர்க்காரியா கமிஷனைச் சொன்னார். ஆயா செத்துப் பல வருஷம் ஆகிறது. 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிர்மலா சீதாராமன் அந்தச் சேலையைத் திரும்ப எடுத்தார், அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று முதல்வர் ஸ்டாலின் மறுத்தார். ஆயா கேட்டது இன்னும் அப்படியே கிடக்கிறது.

இந்தத் தேதிக்கு இன்னொரு கதை உண்டு, அதை டீக்கடையில் ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்லை. பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு செய்த சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கிடப்படும் நாளும் 1989 மார்ச் 25தான். அதற்கு முன்னால் கல்யாணமாகிப் போன பெண்களுக்கு அந்தத் திருத்தத்தில் பங்கு இல்லை. 2005-ல் மத்திய சட்டம் வந்து அந்தக் கோட்டை அழிக்கிற வரைக்கும், பத்திரம் எழுதுகிறவர்கள் பெண்களிடம் முதலில் கேட்ட கேள்வி, "உனக்குக் கல்யாணம் அந்தத் தேதிக்கு முன்னயா, பின்னயாம்மா?" ஒரே நாளில் பெண்ணுக்குச் சொத்து, ஒரே நாளில் பெண்ணின் சேலை. ஊர் எதைப் பேசியது என்று சொல்ல வேண்டியதில்லை.

1991 மே மாதம், எங்கள் மாவட்டத்திலேயே இருந்த ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அடுத்த மாதம் ஜெயலலிதா முதலமைச்சர். மாமா ஊருக்கே கற்கண்டு கொடுத்தார். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்ததும், "பாத்தியா, பொம்பளை கஷ்டம் பொம்பளைக்குத்தான் தெரியும்" என்று பேசிக்கொண்டு திரிந்தார்.

அந்த நாட்களில்தான் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு விவகாரம் வெடித்தது. ஊர்ப் பெயர் வேண்டாம், ஆள் பெயரும் வேண்டாம், அவருடைய பேரப்பிள்ளைகள் நல்லவர்கள். மாமாவின் கட்சி. கூட்டுறவுச் சங்கம், கோயில் நிர்வாகம், ஒன்றியத்தில் செல்வாக்கு, மூன்றும் அவர் கையில். அவர் நிலத்துக்கு நடவுக்குப் போன ஒரு பெண் பம்புசெட் கொட்டகையிலிருந்து அழுதுகொண்டே ஓடிவந்தாள். மாமாவிடம் போய்ச் சொன்னார்கள். பாஞ்சாலிக்காக ராத்திரி பூராவும் தூங்காத அதே மாமா, "பொம்பளைங்க கதையெல்லாம் வெளிய பேசினா ஊருக்குத்தான் அசிங்கம்" என்றார். அப்பாவோ ஒரே இரவில் பெண்ணுரிமைக்காரர் ஆகிவிட்டார். பெரியார் சொன்னதை எல்லாம் எடுத்துச் சொல்லி, மகளிர் காவல் நிலையத்துக்கு உடனே போயாக வேண்டும் என்று டீக்கடையில் முழங்கினார். இரண்டு தரப்பும் பேசி முடிப்பதற்குள் அந்தப் பெண்ணுக்குத் தூரத்து ஊரில் அவசரமாகக் கல்யாணம் முடிந்துவிட்டது. அவளை ஒரு தரமாவது கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டவர்கள், எனக்குத் தெரிந்து, யாரும் இல்லை.

பெண்கள் பேசாமல் இருந்தார்கள் என்று சொன்னால் அது பொய். அந்த வருஷ நடவு முழுக்க வயலில் ஒரு பாட்டு ஓடியது. அதில் அவர் பெயர் வராது. அவருடைய மோதிரம் வரும், புல்லட் வண்டி வரும், பம்புசெட் வரும். வரப்பில் அவர் குடை தெரிந்தால் பாட்டு கொஞ்சம் உசரும். குனிந்த தலை நிமிராமல், நாற்று நட்டபடியே. அவர் வயல் பக்கம் வருவது அப்புறம் குறைந்துபோனதாக ஆயா சொல்வாள். எங்கள் ஊர் அறிந்த ஒரே விசாரணை கமிஷன் அதுதான், அதற்கும் அறிக்கை கிடையாது.

பள்ளிக்கூடத்தில் எங்களை உத்திரமேரூருக்கு அழைத்துப்போவார்கள், பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் குடவோலையில் யார் பெயரை எழுதலாம், யார் பெயரை எழுதக் கூடாது என்று கல்லில் வெட்டிய விதி. வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனுக்கு இடமில்லை, அவனுடைய சிற்றப்பன், மாமன், மைத்துனன், மருமகன், மகன் என்று ஒரு சுற்று உறவுக்கும் இடமில்லை. பெண் விஷயத்தில் முறைகெட்டு நடந்தவனுக்கும் அதே விதிதான், உறவோடு சேர்த்து. பரிகாரம் செய்து சுத்தமாகிவிட்டேன் என்றாலும் ஆயுசுக்கும் ஓலையில் பெயர் ஏறாது.

2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடி இந்தக் கல்வெட்டைப் பெருமையோடு குறிப்பிட்டார். எங்களுக்கும் பெருமைதான். 2023-ல் மல்யுத்த வீராங்கனைகள் டெல்லித் தெருவில் உட்கார்ந்து பா.ஜ.க. எம்.பி. பிரிஜ் பூஷண் சரண் சிங் மேல் பாலியல் புகார் சொன்னார்கள். அவர் மறுத்தார். 2024 தேர்தலில் கைசர்கஞ்ச் தொகுதியில் அவருக்கு பா.ஜ.க. சீட்டு கொடுக்கவில்லை, அவர் மகனுக்குக் கொடுத்தது. மகன் ஜெயித்தார். கல்வெட்டை யாரோ பாதி வரைக்கும்தான் படித்துக் காட்டியிருக்க வேண்டும். பெண்களுக்கு எதிரான குற்ற வழக்கு இருப்பதாகத் தங்கள் பிரமாணப் பத்திரத்திலேயே சொன்ன எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் 151 பேர் என்று 2024-ல் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் எண்ணிச் சொன்னது. பல கட்சிகளிலும் இருக்கிறார்கள். இதற்காகச் சோழர் காலத்துக்குத் திரும்பிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சபை வேதம் படித்த, நிலம் வைத்திருந்த ஆண்களின் சபை. அங்கே குற்றம் என்பது ஆசாரத்துக்கு நேர்ந்த தீட்டு. நடவு வயலிலிருந்து அழுதுகொண்டு ஓடிவந்த பெண்ணுக்கு அந்தக் குடத்தில் ஒரு ஓலையும் கிடையாது.

இப்போது காலம் மாறிவிட்டது. கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், கையிலேயே வந்துவிடுகிறது. 2018 ஏப்ரலில் ராஜ்பவன் பத்திரிகையாளர் சந்திப்பில் ஆளுநர் பன்வாரிலால் புரோஹித், கேள்வி கேட்ட ஒரு பெண் பத்திரிகையாளரின் கன்னத்தில் தட்டினார். சந்திப்பு நடந்ததே, மாணவிகளைத் தவறான வழிக்கு அழைத்ததாகப் புகார் எழுந்த அருப்புக்கோட்டைக் கல்லூரிப் பேராசிரியை விவகாரத்தை விளக்கத்தான் என்பது தனி வேடிக்கை. பேத்தி மாதிரி நினைத்துத் தட்டினேன் என்று ஆளுநர் மன்னிப்புக் கடிதம் எழுதினார். உடனே நடிகர் எஸ்.வி.சேகர் பெண் பத்திரிகையாளர்களை மொத்தமாக இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை முகநூலில் பகிர்ந்தார். அதற்கு ஒரு மாதச் சிறை என்று தீர்ப்பு வர 2024 பிப்ரவரி ஆனது. எங்கள் தெருவில் பெரியவர்கள், "வயசானவரு, பாசமா தட்டினாரு, இதுக்குப் போயி" என்றார்கள். நூறு நாள் வேலையில் மண் அள்ளிக்கொண்டிருந்த என் பெரியம்மா நிமிர்ந்து, "அந்த மீட்டிங்ல ஆம்பளை ரிப்போர்ட்டரும் இருந்திருப்பான்ல, அவன் கன்னத்தத் தட்டினாரா?" என்றாள். பெரியவர்கள் பேச்சை மழைக்கு மாற்றிவிட்டார்கள்.

நாம் தமிழர் கட்சியின் சீமான் விவகாரத்தில் எங்கள் ஊர் சட்டக் கல்லூரியாகவே ஆனது. ஒரு நடிகை 2011-ல் கொடுத்த புகார், சீமான் மறுத்தது, அடங்கி அடங்கி எழுந்தது. 2025 பிப்ரவரியில் நீலாங்கரை வீட்டுக் கதவில் போலீஸ் சம்மன் ஒட்ட, அது கிழிக்கப்பட, டி.வி. நேரலையில் காட்ட, கிழித்தது சரியா தப்பா என்று மூன்று நாள் விவாதம். உச்ச நீதிமன்றம் வரை போய் அதே வருஷத்தில் மன்னிப்பு, சமரசம் என்று முடிந்தது. அந்தக் கட்சிப் பையன்கள் நல்ல பையன்கள், ஏரி தூர் வாருவதற்கு முதல் ஆளாய் வருவார்கள். அவர்கள் வாயிலிருந்து, "நடிகைதானே, நடிக்கத் தெரியாதா" என்று கேட்டபோது அப்பா ஞாபகம் வந்தது. அப்பாவின் கட்சியை நாள்தோறும் திட்டுகிறவர்கள் அவர்கள்.

புதிதாகச் சேர்ந்த வாசகம் என்றால், "ஏன் இத்தனை வருஷம் கழிச்சு?" அன்றைக்குப் பம்புசெட்டிலிருந்து ஓடிவந்தவளுக்கு உடனே சொன்னதால் ஒன்றும் கிடைத்துவிடவில்லை.

2024-ல் எங்களுக்கு ஏப்ரல் 19-ஆம் தேதியே ஓட்டு முடிந்துவிட்டது, எண்ணுவதோ ஜூன் 4. நடுவில் ஊருக்கு வேலையில்லை. அந்த நேரம் பார்த்துக் கர்நாடகத்தில் பென்டிரைவ் வந்தது. தேவகவுடாவின் பேரன், ஹாசன் எம்.பி. பிரஜ்வல் ரேவண்ணா, பெண்களுக்குச் செய்ததைத் தானே படம் பிடித்தவை என்று ஆயிரக்கணக்கில் காட்சிகள். பெண்களின் முகங்களைக்கூட மறைக்காமல் ஊர் ஊராக விட்டெறிந்தார்கள். அவர் ஜெர்மனிக்குப் போனார். இங்கே ஒரு சாயங்காலம் டீக்கடையில், "அநியாயம், அக்கிரமம்" என்று உரக்கப் பேசிய ஒருவர் குரலைத் தாழ்த்திப் பக்கத்துப் பையனிடம் கேட்டார்: "உன்கிட்ட லிங்க் இருக்கா?" 1989-ல் கிழிந்ததாகச் சொன்ன சேலையின் போட்டோ எந்தப் பத்திரிகையில் வந்திருக்கிறது என்று தேடி அலைந்தவர்களுக்கு இந்த வசதி இல்லை.

மே 31-ஆம் தேதி பிரஜ்வல் பெங்களூரில் வந்து இறங்கியபோது பெண் போலீஸாரை அனுப்பிக் கைது செய்தார்கள். தேர்தலில் சுமார் 42,000 ஓட்டில் தோற்றார். அவருக்கு விழுந்த ஓட்டும் ஆறு லட்சத்துக்கு மேல். 2025 ஆகஸ்டில், பண்ணை வீட்டில் வேலை செய்த பெண் ஒருவர் கொடுத்த வழக்கில் ஆயுள் தண்டனை. அந்தப் பெண்ணின் சேலையில் இருந்த தடயம் மரபணுச் சோதனையில் பொருந்தியது முக்கியச் சாட்சி. ஆயா இருந்திருந்தால், சேலையைக் கோர்ட்டில் வைத்தே பதில் சொல்லிவிட்டார்களே என்று திருப்திப்பட்டிருப்பாள். மேல்முறையீடு வேறு இருக்கிறது, அது நீதிமன்றத்தின் பாடு.

தீர்ப்பு வந்த அன்று எங்கள் டீக்கடையில் நான் இதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே குரலில் பேசினார்கள். சரியான தண்டனை, அந்த வேலைக்காரப் பெண்ணின் தைரியம் யாருக்கு வரும், ஏன் இவ்வளவு நாள் கழித்து என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை, அவள் எந்தச் சாதி, எந்தக் கட்சி என்று கேட்கவில்லை. கடைக்காரருக்கே ஆச்சரியம். பெரியம்மாவிடம் வந்து சொன்னேன். அவள் களைக்கொத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டாள்.

"அவன் எந்தக் கட்சின்னு சொன்னே?"

"மதச்சார்பற்ற ஜனதா தளம்."

"நம்ம ஊர்ல அதுக்குக் கொடிக்கம்பம் இருக்குதா?"

"இல்ல பெரிம்மா."

"அதான்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.